குந்த ஒரு கதிரை

எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதியில் கிடந்த பழைய கதிரையைப் போன கிழமை அப்புறப்படுத்திவிட்டார்கள். அதற்கு முதுகு இருந்தது. இரண்டு கைபிடி இருந்தது. இருக்கை ஒரு மனிசனின் முழங்கால் உயரத்தில் இருந்தது. வேறு தகுதி எதுவும் அதற்குக் கிடையாது, அதுதான் குற்றமாகியிருக்க வேண்டும். அது கிடந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் நாலைந்து பாறைகள். உண்மைப் பாறை இல்லை, கம்பளித் துணி போர்த்திய பஞ்சுப் பாறை. பக்கத்தில் ஒரு குகை, ஒரு கவிழ்ந்த படகு, ஒரு பெரிய பறவைக்கூடு. கூட்டுக்குள் பெரியவர்களும் இருக்கலாம் என்று நூலகப் பெண்மணி சிரித்தபடி சொன்னார். இருக்கலாம்தான். வெளியே வருவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலைகளில் பேரப்பிள்ளைகளோடு நூலகத்துக்கு அனுப்பிவைக்கப்படும் எங்களைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. "அம்மப்பா கூட்டிக்கொண்டு போவார்தானே" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் சப்பாத்தைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள். பிள்ளை படப் புத்தகம் பார்க்கும். நாங்கள் ஃபோனில் மரண அறிவித்தல்கள் பார்ப்போம். ஆளுக்கொரு வாசிப்பு. அதற்குத்தான் அந்தக் கதிரை.

இந்த விசயத்தில் நூலகங்களுக்குச் சொல்ல என்னிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. வருகிறேன்.

கதிரை செய்யத் தெரியாத நாட்டில் இது நடந்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். நான் இருப்பது டென்மார்க்கில். 1944 இல், போர்க்காலத்தில், தளபாடக் கலைஞர் போர்கே மோகென்சென் வீட்டில் பிறந்த பீட்டர் என்ற குழந்தைக்குக் கொடுக்க நல்ல பரிசு எதுவும் கடையில் கிடைக்காமல், அவருடைய நண்பர் ஹான்ஸ் வெக்னர் தானே ஒரு கதிரை செய்தார். நாலு பலகைத் துண்டு. ஆணி இல்லை, திருகாணி இல்லை. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கதிரை. அந்தப் பச்சைப் பிள்ளைக்கே முதுகு சாயப் பலகை வைத்தார் மனிசன். 1957 இல் கிறிஸ்டியான் வேடெல், வளைத்த ஒட்டுப்பலகையில் ஒரு கதிரை செய்தார். பிள்ளை வளர வளர இருக்கையைக் கழற்றி மேல் வெட்டில் செருகிக்கொள்ளலாம். பிள்ளை வளர உயரும் கதிரை அறுபது வருசத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறது. கிழவனின் முழங்கால் தேயத் தேய உயரும் கதிரையை எந்த நூலகத்திலும் நான் காணவில்லை.

உருளும், கவிழும் இருக்கைகளுக்கெல்லாம் வித்திட்டவர் நன்னா டிட்ஸெல்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைகள் ஒரு இடத்தில் அசையாமல் இருக்கமாட்டார்கள் என்று கண்டு, நூற்கட்டை வடிவில் உருட்டி விளையாடக்கூடிய முக்காலிகளை 1962 இல் செய்தவர் அவர். பெரிய கலைஞர், குறை சொல்லவில்லை. அவர் அதை மரத்தில் செய்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பலாம்.

இனி, எழும்புதல்.

பஞ்சுப் பாறையில் இருப்பது சுலபம். நீங்கள் இருக்க வேண்டியதே இல்லை, பாறை உங்களை வாங்கிக்கொள்ளும். இருந்ததும் முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதல் அரை மணித்தியாலம் எழும்பும் எண்ணமே உங்களுக்கு இல்லாதது போலப் பாவனை செய்யலாம். பிறகு பேத்தி, "அம்மப்பா, ஒண்டுக்கு வருது" என்பாள். இடது முழங்காலைக் கேட்பீர்கள், அது வலது முழங்காலைக் கைகாட்டும். கைகளைப் பின்னால் ஊன்றினால் கைகள் பஞ்சுக்குள் போகும். முன்னால் வீசி ஒரு உந்து உந்தினால் பாறையும் சேர்ந்து வரும். மிச்சம் இருப்பது பக்கவாட்டில் சரிந்து, உருண்டு, நாலு காலில் நிற்கும் வழி. நாலு காலில் நிற்கும் பெரியவரைக் கண்டால் சிறுவர் பகுதியில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? யாரோ பெற்ற இரண்டு வயதுப் பொடியன் ஒருவன் முதுகில் ஏறிவிட்டான். அவனுடைய தகப்பன் தூரத்தில் நின்று, "பாருங்கள், எவ்வளவு அழகு" என்ற முகத்தோடு படம் எடுக்கிறார். ஊரில் என்றால் நாலு பேர் ஓடிவந்து, "ஐயா, பாத்து, பாத்து" என்று அக்குளைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். இங்கே நாகரிகம். மற்றவர் அவதிப்படும்போது பார்க்கக்கூடாது என்று எல்லோரும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் பக்கத்துப் புத்தகத் தட்டைப் பிடித்தேன். தட்டுகளுக்கெல்லாம் இப்போது சில்லுப் பூட்டியிருக்கிறார்கள், நிகழ்ச்சி வைக்கும்போது தள்ளிவைக்க வசதியாம். தட்டு புறப்பட்டது. நானும், முதுகில் இருந்த பொடியனும், டைனோசர் புத்தகங்களும் ஒன்றாகப் பயணம் போனோம். பேத்தி மட்டும் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டு, "அம்மப்பா, கெதியா எழும்புங்கோ" என்றாள்.

பிள்ளைகள் கதிரையை முன்னுக்குச் சரித்து ஆடுவதைக் கண்டு வாத்திமார் அதட்டிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகள் செய்வதுதான் சரி என்று சொன்னவரும் ஒரு டேனிஷ்காரர்தான். டொக்டர் மண்டால், சத்திரசிகிச்சை நிபுணர். இருக்கை முன்பக்கம் சரிந்தும், கதிரையும் மேசையும் உயரமாகவும் இருந்தால்தான் முதுகு நிமிரும் என்று 1970களிலும் 80களிலும் எழுதியும் பேசியும் ஓய்ந்தார். உயரமாக! இந்த ஒரு சொல் எங்கள் நூலகத்துக்கு வந்து சேரவில்லை.

யோசனை கேட்காமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். பலகை ஒன்றை நிறுத்தி, கலர் கலராக ஒட்டுத்தாள் வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். குகை வேண்டும், கப்பல் வேண்டும், ஐஸ்கிறீம் வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். ஐஸ்கிறீம் மட்டும் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிவந்த எங்களை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு கொம்யூனும், அதாவது உள்ளூராட்சி சபையும், சிறுவர் பகுதியோடு நூலகம் நடத்த வேண்டும் என்று 1964 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. பிள்ளையைக் கூட்டிவருபவர் எங்கே குந்துவார் என்று சட்டமும் யோசிக்கவில்லை. சீர்காழியில் பிறந்த எங்கள் ரங்கநாதனும் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது. வாசகரின் முழங்காலுக்கு ஆறாவதாக ஒன்று எழுதியிருக்கலாம்.

புதுமை எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். யோரிங் நூலகத்தில் 2008 இல் ஒரு சிவப்புப் பட்டியை ஓடவிட்டார்கள். தரையில் ஓடி, சுவரில் ஏறி, ஓரிடத்தில் மேசையாகி, ஓரிடத்தில் இருக்கையாகி நூலகம் முழுக்கச் சுற்றும். நல்ல வேலை. 2015 இல் ஓர்ஹூஸ் துறைமுகத்தில் திறந்த டொக்1 நூலகத்தில் ஒரு பெரிய குழாய் மணி தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் பெற்றோர் அங்கே ஒரு பொத்தானை அமத்தினால் இங்கே மணி அடிக்கும். உலகத்தின் சிறந்த பொது நூலகம் என்று அடுத்த வருசமே பரிசும் வாங்கியது. பிறப்புக்கு மணி அடிக்கட்டும், நல்லது. கிழவன் ஒருவன் பாறையிலிருந்து எழும்பி நின்றால் ஒரு சின்னக் கைமணியாவது அடிக்கக்கூடாதா?

நான் சிறுவனாகப் போய் வாசித்த யாழ்ப்பாண நூலகத்தில் குகை இல்லை, கூடு இல்லை. மேசையும் கதிரையும்தான். அந்தக் கதிரைகளுக்கு 1981 தீயில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பேசினால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும்.

கொம்யூனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். உடனே பதில் வந்தது, அதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் பயனாளர் கூட்டமாம், கட்டாயம் வந்து கருத்துச் சொல்லட்டாம், கோப்பியும் கேக்கும் உண்டாம். இடம், நூலகத்தின் மேல்மாடிக் கூட்ட அறை. அந்த அறையைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். சுற்றிவரக் கதிரைகள். எல்லாவற்றுக்கும் முதுகு, எல்லாவற்றுக்கும் கைபிடி. மூன்று யோசனைகளையும் அங்கேயே சொல்லிக்கொள்கிறேன், ஆறுதலாக, இருந்துகொண்டு.