பல்லாவரம் சந்தைக்குப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, ஸ்பெக்ட்ரம்னு ஏதோ பழைய கம்ப்யூட்டர் வாங்கி கேம் ஆடப் போறியாமே? பாட்டி சொன்னா. புது லேப்டாப்பையே ‘ஸ்லோவா இருக்கு’ன்னு குத்துற புள்ள, 1982-ல இங்கிலாந்துக்காரன் செஞ்ச பெட்டி முன்னாடி உட்காரப் போற. ரொம்ப சந்தோஷம். அப்படியாவது பொறுமை வரட்டும்.

அதோட மொத்த நினைவகம் 48 கேபி. உங்க பெரியப்பன் காலங்காத்தால வாட்ஸாப்புல அனுப்புறானே ரோஜாப்பூ வணக்கம், அது ஒண்ணுகூட அதுல அடங்காது. ஆனா 1983-ல மேத்யூ ஸ்மித்னு ஒரு பையன், இருபது குகையோட ‘மேனிக் மைனர்’ங்கற விளையாட்டையே அதுக்குள்ள திணிச்சிட்டான். உனக்கு 128 ஜிபி போன் பத்தல.

கேமை எப்படி ஏத்துவ தெரியுமா? டேப் ரெக்கார்டர்ல கேசட்டைப் போட்டு, ஒயரைச் செருகி, பிளே அமுக்கணும். அஞ்சு நிமிஷம் கீ…ன்னு கத்தும். திரை ஓரமா கலர் கலரா கோடு ஓடும். நாலரை நிமிஷம் ஒழுங்கா வந்துட்டு, ‘டேப் லோடிங் எரர்’னு நிக்கும். சத்தத்தை ஒரு புள்ளி கூட்டிப் பாக்கணும், அப்புறம் குறைச்சுப் பாக்கணும், அதுக்கும் மசியலைன்னா குட்டி ஸ்குரூடிரைவரால ஹெட்டைக் கொஞ்சூண்டு திருகணும். கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. முடிச்சூர்ல ஏர் ஓட்டினது கொஞ்சம், டேப் ரிப்பேர் கடை பெஞ்சைத் தேய்ச்சது நிறைய.

நம்ம நாட்டுல இந்தச் சாமான் அப்பவே கம்மி. 1984-லதான் மத்திய சர்க்கார் ‘கிளாஸ்’னு திட்டம் போட்டு பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்துச்சு. பூனாவுல டெசிபெல்ஸ்னு ஒரு கம்பெனி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸைப் பூட்டி வித்துச்சு. பல்லாவரம் சந்தையில உன் கையில சிக்கப்போறது பெரும்பாலும் அது எதுவும் இல்ல. 90-கள்ல வந்த நிண்டெண்டோ நகலுக்கு கீபோர்டை ஒட்டி வெச்சிருப்பான். மேல கேம் கேசட் சொருகுற பள்ளம், பக்கத்துல ஒரு துப்பாக்கி, ரெண்டு ஜாய்ஸ்டிக். ‘பழைய கம்ப்யூட்டர் சார், அபூர்வம் சார்’னு உன் தலையில கட்டுவான். நீயும் கட்டிக்குவ.

மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பாக்குறான்ல, நீ மூடியைக் கழட்டிப் பாரு. போர்டுல சேறு படிஞ்ச கோடு, பச்சை பூத்த பின்னு இருந்தா கும்பிடு போட்டுட்டு வா. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகினப்ப அந்தப் பெட்டியும் குளிச்சிருக்கும். ஸ்பெக்ட்ரம் கீபோர்டுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் உண்டு, வயசானா நொறுங்கும். புதுசு வாங்கிப் போட்டுக்கலாம். பிபிசி பெட்டின்னா உடனே பிளக்குல சொருகாதே. பவர் சப்ளையில இருக்குற பழைய கெபாசிட்டர் வெடிச்சு வீடெல்லாம் புகையாகும், பாட்டி உன்னையும் என்னையும் சேர்த்து வெளிய தள்ளுவா. அதை மாத்திட்டுத்தான் கரண்ட்டு.

இன்னொண்ணு, நல்லா காதுல வாங்கிக்க. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, பின்னுக்கு நடுவுல மைனஸ். இப்ப கடையில கிடைக்கிற அடாப்டர்ல பெரும்பாலும் நடுவுல பிளஸ். பொருந்துதேன்னு சொருகினா உள்ள டிரான்சிஸ்டரும் மெமரி சிப்பும் கருகும்.

டிவி? அது ஆன்டெனா ஓட்டை வழியா 36-ஆம் சேனல்ல படம் அனுப்புற ஜென்மம். உன் சுவர் டிவியில அதைத் தேடிக்கிட்டு இருக்காதே. மாடுலேட்டரை விட்டுட்டு வீடியோ சிக்னலை நேரா மஞ்சள் பின்னுக்கு இழுத்துடணும். சின்ன சால்டரிங் வேலைதான், சாமான் எல்லாம் ரிச்சி தெருவுல கிடைக்கும். இங்கிலாந்துலயும் நம்ம ஊர்லயும் டிவிக்கு ‘பால்’ முறைங்கறதால கலர் வந்துடும்.

வெறுமனே கேம் ஆடத்தான் ஆசைன்னா, போன்லயே எமுலேட்டர் போட்டு மேனிக் மைனர் ஆடிட்டுத் தூங்கு. பிரிச்சு மாட்டுறதுலதான் உனக்கு அரிப்புன்னா வெள்ளிக்கிழமை காலையில சந்தைக்குத் தாம்பரத்துல ரயில் ஏறு. முதல் வாரம் மல்டிமீட்டரை மட்டும் எடுத்துட்டுப் போ, பர்ஸை என்கிட்ட கொடுத்துட்டுப் போ.