பத்து விரல்களின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டார விரல்கள்

பெறுநர்: இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம், புதுதில்லி

பொருள்: தேய்ந்துபோன ரேகையைப் புதுப்பித்துக்கொள்ள வழிகாட்டக் கோருதல் – தொடர்பாக

பார்வை: 1. தங்கள் பிழை எண் 300. 2. தங்கள் 24.10.2017 நாளிட்ட சுற்றறிக்கை.

ஐயா, வணக்கம்.

மனுதாரர்கள் இயந்திரத்தின் மீது புகார் சொல்ல வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறார்கள். இயந்திரம் தவறு செய்யாது. தவறு விரலில்தான். அதை ஒப்புக்கொண்டு, திருந்த வழி கேட்டுத்தான் இந்த மனு.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்குள் வேலை சூடுபிடித்துவிடுகிறது. ஐஸை உடைத்து மீன்மேல் அள்ளிப் போடுவது, செதில் சுரண்டுவது, இறால் தலையைக் கிள்ளி ஓடு உரிப்பது, கருவாட்டுக்கு உப்பு தேய்ப்பது எல்லாம் விரல்களின் பொறுப்பு. கயிறும் வலையும் இழுக்கிற விரல்களின் கதை தனி. இத்தனையும் முடித்துவிட்டு அதே விரல்தான் ரேஷன் கடைக்குப் போய்க் கண்ணாடிமேல் படுக்கிறது. பொருந்தவில்லை.

“ஆயா, நல்லா தொடச்சிட்டு வை.”

“தொடச்சித் தொடச்சித்தான் நைனா ரேகையே பூட்ச்சி!”

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் இடது கை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. சிக்னல் கிடைக்கவில்லையா, சர்வர் படுத்துவிட்டதா, விரல்தான் பொருந்தவில்லையா என்பது ஆயாவுக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைப்பது.

தங்கள் தொழில்நுட்பக் கையேடு இதையெல்லாம் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. ரேகை பொருந்தாவிட்டால் 300. பதிவகத்தில் ரேகையே இல்லாவிட்டால் 811. மென்பொருள் எழுதுகிறவருக்கு இந்த எண்கள் போதும். ஐஸில் ஊறிய விரலுக்கு மட்டும் எண் ஒதுக்க விட்டுப்போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஸ்கேன் செய்தால் பில் வரும், மூட்டையோடு வீடு திரும்பலாம். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் வந்ததும் கார்டோடு விரலும் தேவைப்பட்டது. கார்டு ஆயாவுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் அவர்தானா என்பதுதான் கேள்வி.

தங்கள் 2012 மார்ச் ஆய்வறிக்கையை மனுதாரர்கள் மிகுந்த பயபக்தியோடு படித்தார்கள். பத்தில் எது நன்றாகப் பொருந்துகிறதோ அது ‘சிறந்த விரல்’. அந்த ஒன்றை வைத்தால் 93.5 சதவீதம் பேரும், சிறந்த இரண்டை வைத்தால் 99 சதவீதம் பேரும் தேறிவிடுகிறார்களாம். எனவே ஆளுக்கு இரண்டு விரல்களை இனி வேலைக்கு அனுப்புவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. இறால் உரிக்க மீதி எட்டு போகும். இரண்டும் எண்ணெய் தடவி, துணி சுற்றி, மாதம் ஒருமுறை ரேஷன் கடைக்கு மட்டும் வெளியே வரும்.

இன்னொரு கணக்குதான் புரியவில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தங்கள் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி சொன்னபடி, சரிபார்ப்பு வெற்றிபெற்றது அரசுச் சேவைகளில் 88 சதவீதம், வங்கிகளில் 95, தொலைபேசி நிறுவனங்களில் 97. சிம் கார்டு வாங்கப் போனால் சமர்த்தாகப் பொருந்துகிற இந்திய விரல், அரிசி வாங்கப் போனால் முரண்டு பிடிக்கிறது. அரிசிமேல் ஏதும் கோபமா என்று மனுதாரர்கள் வீட்டில் விசாரித்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லையாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. பக்கெட்டும் குவளையுமாக அதை அள்ள இறங்கிய மீனவர்களின் கைகள் மணிக்கட்டு வரை கறுத்தன. அந்த வேலைக்கு ரேகை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றும் 300தான் வந்திருக்கும்.

ரேகை இல்லையென்றால் ஓ.டி.பி. இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. அது மகனுடைய போனுக்குப் போகிறது. மகன் விசைப்படகில், டவர் எட்டாத ஆழ்கடலில் இருக்கிறான். அவன் கரை சேரும்போது ஓ.டி.பி. காலாவதியாகி, கடையும் பூட்டியிருக்கும். கருவிழி பார்க்கும் கருவியும் வந்திருக்கிறது, ஆயாவுக்குக் கண்புரை.

இந்த இடத்தில்தான் பார்வை 2 உதவிக்கு வருகிறது. குடும்பத்தில் வேறொருவர் ரேகை, ஓ.டி.பி. என்று எல்லாம் முயன்றும் ஆகாவிட்டால், பதிவேட்டில் குறித்துக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று தாங்களே 2017-இல் எழுதியிருக்கிறீர்கள். தங்கமான சுற்றறிக்கை. அது கோப்பில் இருக்கிறது, ஆயா வரிசையில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அகலத் திரை.

ஆகவே மனுதாரர்கள் கோருவது:

அ) எண்ணூரில் ஒரு விரல் பழுதுபார்ப்பு நிலையம். பழைய ரேகையைக் கழற்றிப் புதியது மாட்டித் தர வேண்டும்.

ஆ) அது திறக்கும்வரை, ரேகை பொருந்தாதபோது திரையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘ரேகை பொருந்தவில்லை. பரவாயில்லை, அரிசி உண்டு. பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.’ படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே இயந்திரம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும், வரிசைக்கே கேட்கும்படி.

இ) அடுத்த இயந்திரத்தை வடிவமைப்பவர்கள் காசிமேட்டில் ஒரு காலை ஐஸில் இறால் உரித்துவிட்டு, கை துடைக்காமல், தங்கள் ரேகையை வைத்துப் பார்க்க வேண்டும். கத்தியும் கூடையும் இலவசம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள விரல்கள்

இணைப்பு: விரல்கள் – 10 (அசல்). கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வைக்க முயன்றதில் பொருந்தவில்லை, பொறுத்தருளவும்.