ஒர்க்ஃப்ளோ வாத்தியார்

திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்பில் எங்கள் ஒர்க்ஃப்ளோ வாத்தியார் தொண்டையைச் செருமினாலே, போன வாரம்தான் நமக்குக் கைவந்த முறை காலாவதி ஆகிவிட்டது என்று அர்த்தம். "இன்னுமா அப்படிப் பண்றீங்க? அதெல்லாம் பழசு பாஸ்."

ஏஐ எழுதும் கோடைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வதற்கு 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பாதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்ததும், சூட்டோடு சூடாக வாத்தியாரும் கோடைப் படிப்பதை விட்டார். அப்புறம் பிளான் மோடு வந்தது. அப்புறம் ஸ்பெக், அப்புறம் டெஸ்ட். எல்லாம் வந்த வேகத்தில் போயின. நிலைத்து நிற்பது ஒன்றே ஒன்று: கிளாட் டாட் எம்டி என்கிற விதிக் கோப்பு.

கோடு எழுதும் ஏஐ ஏஜெண்ட்டான கிளாட் கோடு வேலையைத் தொடங்குமுன் படிக்கும் குறிப்பு அது. எப்படி பில்டு பண்ணணும், டெஸ்டை எந்த கமாண்டில் ஓட்டணும், எதைத் தொடக்கூடாது என்று அரைப் பக்கம் போதும். வாத்தியாருடையது கிரயப் பத்திரம் போல நீண்டுகொண்டே போகும். "நீ 20 வருட அனுபவமுள்ள சீனியர் இன்ஜினியர்" என்று ஆரம்பம். "ஆழமாக யோசி." கொஞ்சம் கீழே, "ரொம்ப யோசிக்காதே." "கேட்காமல் எதையும் மாற்றாதே." அதற்கும் கீழே, "சும்மா சும்மா கேள்வி கேட்காதே." ஏஜெண்ட் சொதப்பும் ஒவ்வொரு தடவையும் கேப்பிடல் எழுத்தில் ஒரு விதி கூடும்.

இந்தக் கோப்பு ஒவ்வொரு செஷனிலும் கான்டெக்ஸ்டில் ஏறுகிறது. நீள நீள டோக்கன் கரையும், நடுவில் கிடக்கும் முக்கியமான விதியை மாடல் கோட்டைவிடும். சொல்லிப் பார்த்தோம். "அதுக்கும் ரூல் போட்டாச்சு" என்றார். கடைசி வரி: "எல்லா விதிகளையும் கவனமாகப் படி."

ஒருநாள் பில்லில் தேதியும் மாதமும் இடம் மாறி வந்தன. ஒரு வரி வேலை. வாத்தியார் திட்டமிட ஒரு ஏஜெண்ட், எழுத ஒன்று, சரிபார்க்க ஒன்று என்று நியமித்து, ஆளுக்கொரு கிட் ஒர்க்ட்ரீயும் ஒதுக்கினார். சாயங்காலம் புல் ரிக்வெஸ்ட் வந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. திறந்து பார்த்தால், தப்பான தேதிதான் சரி என்று டெஸ்டையே திருத்தி வைத்திருந்தது ஏஜெண்ட். வாத்தியாரைக் கேட்டதற்கு, "ரிவ்யூ ஏஜெண்ட் ஓகே சொல்லிடுச்சே!"

பெரிய வேலை என்றால் முதலில் திட்டம் போடவைத்துப் பார்க்கணும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே மனிதர்தான். அந்த நன்றி உண்டு. ஆனால் அவர் மிச்சம் பிடிக்கும் நேரமெல்லாம் எங்கள் தலையில்தான் விடிகிறது. அவர் படிக்காத டிஃப்பை நாங்கள்தான் ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறோம்.

ஏஜெண்ட்களை உருவாக்குவது பற்றி, கிளாட்டின் நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் 5 ஒர்க்ஃப்ளோ முறைகள் உண்டு. ஐந்தின் படத்தையும் வாத்தியார் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார். எளிய வழியில் தொடங்கு, தேவைப்பட்டால் மட்டும் சிக்கலைக் கூட்டு என்று அதே கட்டுரை சொல்வதை மட்டும் ஒட்டவில்லை.

வாத்தியாரே, எந்த ஒர்க்ஃப்ளோ வேணும்னாலும் வச்சுக்குங்க. எங்ககிட்ட அனுப்புறதுக்கு முன்னாடி டிஃப்பை நீங்க ஒரு தடவை படிச்சிடுங்க. புண்ணியமாப் போகும்.