கேலாங் வட்டாரத்தில் மொறுமொறுப்பின் ஆயுள்: வெண்டைக்காய் வறுவலை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய உரையாசிரியர் முறைப்படி முதலில் சூத்திரம், பின்பு உரை. சூத்திரம் இல்லாத துறைகளில் ஆய்வாளரே ஒன்றை இயற்றிக்கொள்வது குற்றமாகாது என்று கொண்டு, கீழ்வருவது இயற்றப்பட்டது:

எண்ணெய் துணைவன்; ஈரம் எதிரி;
காற்றோ இருபால் ஒழுகுங் கள்வன்;
உப்பை இறுதியில் உதறுதல் மரபே.

இச்சூத்திரம் என்நுதலிற்றோ எனின், வீட்டில் காய்கறியை மொறுமொறுவென வறுக்கும் திறமும், அது நமுத்துப்போகும் விதமும், அதனால் உடம்புக்கு நன்மை உண்டாயின் அது எவ்வழிப்பட்டது என்பதும் உணர்த்துதல் நுதலிற்று.

களம் சிங்கப்பூரின் கேலாங். இதற்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் வகுக்காமல் மேலே செல்வது தமிழ் ஆய்வாளருக்கு அழகன்று. நிலம், கேலாங் சாலையும் லோரோங்கு எனப்படும் அதன் கிளைத்தெருக்களும். பொழுது, மழைக்கு முந்திய மாலை. கருப்பொருள், வெண்டைக்காய். உரிப்பொருள், கொறித்தலும் கொறித்தல் நிமித்தமும். ஒற்றைப்படை லோரோங்குகள் சாலைக்கு வடக்கே, இரட்டைப்படை தெற்கே என்னும் எண் வரிசையைக் கண்டு வட்டாரமே ஒழுங்கானது என்று முடிவுகட்டிய வெளியூர் ஆய்வாளர் உண்டு. அவர்கள் இரவில் வந்ததில்லை. தவளைக் கஞ்சி, டுரியான், கேலாங் சிராயின் பொரித்த வாழைப்பழம் என்று நாலாபுறமும் தூண்டுதல் சூழ்ந்த இடத்தில், ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து வெண்டைக்காயை நீளவாக்கில் கீறுகிறார் என்றால், அவர் ஆராயத்தக்கவர்.

அற்றேல், உருளைக்கிழங்கு ஆகாதோ எனின், ஆகும். ஆனால் உருளைக்கிழங்கை வறுத்துவிட்டு ஆரோக்கியம் பேசினால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். மரவள்ளி ஆகாதோ எனின், அதற்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் சிங்கப்பூரே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று உயிர் பிழைத்தது; கேலாங் சிராயை ஒட்டிய நிலங்களிலும் மரவள்ளி பயிரானது. இன்று அதே கேலாங் சிராயில் நோன்புப் பெருநாள் நெருங்கினால், காரச் சம்பல் பூசிய மரவள்ளிச் சீவல் டப்பா டப்பாவாக விற்கிறது. பஞ்சத்தில் தின்றதைப் பெருநாளுக்குத் தின்னும் இந்த மாற்றத்தை யாராவது தனியே ஆராய வேண்டும். அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டி ஒருவர் பேத்தியின் ஏர் ஃபிரையரிலிருந்து வெளிவந்த மரவள்ளித் துண்டுகளைப் பார்த்து, “இதையா கண்ணு காசு கொடுத்து வாங்குனே?” என்று கேட்டது களக்குறிப்பில் பதிவாகியுள்ளது.

ஆக, வெண்டைக்காய். கேலாங் சிராய் சந்தையின் கீழ்த்தளத்தில் இது கிடைக்கும். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது தமிழர் ஆய்வு முறை. ஒடித்த காயை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததை ஒடிப்பது கடைக்காரர்கள் ஏற்காத முறை.

இனி, ஈரம் எதிரி என்றதற்கு உரை. வெண்டைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். அரைக்கிலோ வாங்கினால், 450 கிராம் தண்ணீரைத்தான் பையில் போட்டுப் பேருந்தில் தூக்கி வருகிறோம். வறுத்து முடித்தபின் மிஞ்சுவது 50 கிராமும், ஒட்டிக்கொண்ட மாவும் எண்ணெயும். அதாவது ஒரு கைப்பிடி. நால்வர் குடும்பத்தில் ஆளுக்குக் கால் கைப்பிடி. இந்த எளிய கழித்தலில்தான் ஆய்வின் முடிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்வருவன அதற்கான சான்றுகளே.

எண்ணெய் துணைவன் என்றது ஏன்? உடல்நலம் பேசுவோர் எண்ணெயைத்தான் பகைவன் என்பார்கள். அது பூர்வபட்சம். சட்டியில் காய் விழுந்ததும் எழும் குமிழி எண்ணெய் கொதிப்பதன்று. காயின் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய்க்கு உள்ளே நுழைய அவ்வளவாக வழி கிடைக்காது. காயை வெளியே எடுத்தபின், அது ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்க, மேலே படிந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. கொழுப்பின் பெரும்பங்கு ஏறுவது சட்டியில் இல்லை, தட்டில். எனவே எடுத்தவுடன் அரிகரண்டியை நாலு தட்டுத் தட்டிச் சூட்டோடு எண்ணெயை உதிர்ப்பவரே உண்மையான சுகாதார அதிகாரி. எண்ணெயைக் காயவிடாமல் அவசரப்பட்டுப் போடுபவர், எண்ணெய் குறைவாக ஊற்றியிருந்தாலும், சதசதவென்று கொழுப்பைத்தான் பரிமாறுகிறார்.

அரிசி மாவு இங்கே நினைக்கத்தக்கது. கீறிய வெண்டைக்காயின் வழுவழுப்பே பசையாகி மாவைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிப்பவர் இச்சாத்திரத்துக்குப் புறம்பானவர். ஒரு பங்கு அரிசி மாவு, அரைப் பங்கு கடலை மாவு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகத்தூள். உப்பு மட்டும் இப்போது கூடாது. உப்பு முன்னால் விழுந்தால் காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும், மாவு கூழாகும். “உப்பை இறுதியில்” என்ற தொடரை மறந்த சமையற்கட்டுகளில் வறுவல் தொடங்கிப் பொரியலாக முடிந்த நிகழ்வுகள் பல.

காற்று இருபால் ஒழுகும் கள்வன் என்றது விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி. முதற்பால், நன்மை செய்யும் காற்று. 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃபிரையரை அறிமுகப்படுத்தியது. உள்ளே இருப்பது சூடாக்கும் கம்பிச்சுருளும் ஒரு விசிறியும்; அதாவது சிறிய அடுப்பு, பெரிய பெயர். அதற்குள் 180 பாகையில் சுழலும் சூடான காற்று காயின் மேற்பரப்பை உலர்த்துகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும் என்பது உண்மைதான். ஆனால் கூடையை நிரப்பினால் காற்று சுழலாது. வெண்டைக்காய் தன் ஆவியிலேயே வெந்து, அவியலுக்கு ஏற்ற பக்குவத்தில் வெளிவரும். ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். ஒற்றை அடுக்கு என்றால் ஒரு தடவைக்கு ஓர் ஆள் பங்கு. வரிசையில் நான்காவதாக நிற்பவர் பசியில் ரொட்டி தின்றுவிடுகிறார். மாமியார் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்து, “எண்ணெயிலயே போட்டிருக்கலாம்லா” என்றது இரண்டாம் நடையில்.

இரண்டாம் பால், திருடும் காற்று. சிங்கப்பூர்க் காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் ஏறத்தாழ 82 விழுக்காடு. விடியுமுன் 90ஐத் தாண்டும். மொறுமொறுப்பான தின்பண்டம் எதுவும் தன்னைச் சூழ்ந்த காற்றோடு சமநிலைக்கு வரும்வரை ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். உணவு அறிவியலார் கணக்கில், சூழலின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டைக் கடந்தாலே மொறுமொறுப்பு தளரத் தொடங்குகிறது. ஆகவே கேலாங்கில் திறந்த தட்டில் வைத்த வறுவல் நமுத்துப்போவது யாருடைய கைக்குற்றமும் அன்று, இயற்கை விதி. தஞ்சாவூரில் சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பாயில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் வற்றலாகி ஆண்டு முழுவதும் இருந்ததைச் சொல்லிக்காட்டும் உறவினர்கள், அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் முறத்தோடு மாலை மழையை எதிர்கொண்டு பார்க்கட்டும்.

மொறுமொறுப்பு நாவுக்கு உரியதா, காதுக்கு உரியதா என்னும் நெடிய விவாதமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004இல், உருளைக்கிழங்குச் சீவலைக் கடிப்பவரின் காதில் அந்தச் சத்தத்தையே உரக்கக் கேட்கவைத்தார்கள். அதே சீவல்தான், ஆனால் தின்றவர்களுக்கு இன்னும் புதியதாகவும் மொறுமொறுப்பாகவும் தோன்றியது. இதற்கு 2008இல் நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பெறப்படுவது யாதெனின், சிம்ஸ் அவென்யூவைப் பார்த்த சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வறுவல் தின்பது வீண். பேருந்துகள் மொறுமொறுப்பைத் தின்றுவிடும். சன்னலைச் சாத்தினால் ஈரக் காற்றும் ஓரளவு தடைபடும். ஒரே செயலில் இரண்டு பயன்.

ஆரோக்கியவாதிகளின் எஞ்சிய வாதத்துக்கு விடை சொல்ல வேண்டும். காய்கறி என்பதாலேயே வறுவல் தூயதாகிவிடாது. 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் மாவுச்சத்துள்ள உணவை 120 பாகைக்கு மேல் வறுக்கையில் அக்ரிலமைடு உருவாவதைக் கண்டு சொன்னார்கள். சர்க்கரைவள்ளி, கேரட் வறுவல்களும் இதற்கு விலக்கல்ல. பொன்னிறத்தில் எடுப்பது நன்று. கருகலைத் “தனி ருசி” என்று புகழ்வது நன்றன்று. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ஓரத்தில் வைக்கும் பாகற்காய் வறுவல் ஏன் இன்னும் கொஞ்சம் கேட்கத் தூண்டுகிறது என்பதற்கு இந்த ஆய்வு விடை சொல்லாது. ஆனால் பரிமாறுபவர் எப்போதும் கொஞ்சமாகவே வைக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்கிறது. அங்கேயும் காக்கப்படுவது அளவுதான்.

வீட்டு வறுவலின் நன்மையும் அவ்வழிப்பட்டதே என்க. என்னை? கடைப் பொட்டலத்தைப் பிரிக்க நொடிப்பொழுது. வெண்டைக்காயைக் கழுவி, துடைத்து, கீறி, பிசறி, பகுதி பகுதியாக வறுக்க ஒரு மணி நேரம். உழைப்பு மிகுதி, விளைச்சல் கைப்பிடி, ஆயுளோ அடுத்த மழைவரைகூட இல்லை. இந்நிலையில் ஒருவர் அளவுக்கு மீறித் தின்ன முயன்றாலும் முடியாது.

புறனடை:

நமுத்தன தயிரில் அமிழ்த்தலும் நெறியே.

மைலோ டின்னில் அடைத்தும் மிஞ்சி நமுத்தவற்றைக் குப்பையில் போட வேண்டாம் என்பது கருத்து. கெட்டித் தயிரைக் கடைந்து உப்புச் சேர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சோறு பரிமாறும் நேரத்தில் வறுவலை அதில் போட்டால் வெண்டைக்காய்த் தயிர்ப் பச்சடி. முன்கூட்டியே போடலாமா எனின், ஆகாது, தயிரும் ஈரமே.