தொண்டர் முதலாளி ஆன கதை

வாடே பேராண்டி, உக்காரு. முதியோர் இல்லம் நடத்துத நீ, தொண்டு நிறுவன முதலாளிமார் சங்கத்துல சேரப் போறியாம்லா? பாரமெல்லாம் எழுதியாச்சாம். நல்லது. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. நீ எப்பலேருந்துடே முதலாளி?

ராத்திரி பூரா முழிச்சு பெருசுகளுக்குத் துணி மாத்துத ஆயா, பி.எஃப். கேட்டப்ப என்ன சொன்ன? “இது கம்பெனி இல்லக்கா, சேவை. நாமெல்லாம் ஒரே குடும்பம்”னு சொன்னல்லா? அவளுக்கு நீ குடுக்கது சம்பளம்கூடக் கெடயாது, மதிப்பூதியம். குடுக்க வேண்டிய எடத்துல தொண்டரு, மாலை விழுத எடத்துல முதலாளி. கெட்டிக்காரன்தாம்டே.

உன் வருகைப் பதிவேட்டப் பொரட்டிப் பாத்தேன். பத்தொம்பது பேரு. இருபதாவது வரிக்கு நம்பரு போட்டுருக்கு, பேரு மட்டும் ஏறமாட்டேங்கு. ஏறுனா பி.எஃப். வந்துரும், சம்பளத்துல 12 சதவீதம் நீ போடணும், அதானே? அப்போ அடுப்படியில நிக்க அக்கா யாரு? விருந்தாளியா? அவளுக்கு ஒரே மாசத்துல ரெண்டு வவுச்சர், ரெண்டும் 4,900. 5,000-ஐத் தாண்டுனா ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டணும்னு பயமாக்கும். ஒரு ரூவா ஸ்டாம்புடே அது!

கம்பெனி இல்ல, சேவைன்னு சொன்னல்லா? 1978-ல பெங்களூரு குடிநீர் வாரிய வழக்குல சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதுன தீர்ப்பு ஒண்ணு உண்டு. தர்ம காரியமே ஆனாலும், கூலிக்கு ஆள் வச்சு நடத்துனா அதுவும் தொழில்தான்னுட்டாரு. பொறவு 2020-ல வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல தர்ம நிறுவனங்கள ‘தொழில்’ங்கதுலேருந்து வெளிய எடுத்துட்டாங்க. ஒடனே துள்ளாத. அது வேலைத் தகராறுக்கு உள்ள கணக்கு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் வேற கணக்கு.

சங்கமே ஆகாதுன்னு நான் சொல்லல. தொழிலாளிக்குன்னு நாம நெனைச்ச 1926 தொழிற்சங்கச் சட்டத்துலயே முதலாளிமாரும் சங்கம் பதிய வழி இருந்துச்சு, ஏழு பேரு போதும்னு. வக்கீல ஆளுக்கொருத்தரா வைக்காம பொதுவுல வச்சுக்கிடலாம். சர்க்கார் மானியம் இழுத்தடிச்சா ஒத்தையாப் போயி நிக்காம கூட்டமாப் போயிக் கேக்கலாம். ஆனா நீ அதுக்கா போற? பட்டினி ஒழிப்பப் பத்திப் பேசச் சங்கத்துக்காரங்க நட்சத்திர ஓட்டல்ல கூடுதாங்களாம், மூணு வேளை பஃபேயாம். கழுத்துல தொங்கப்போட அட்டை வேற. அந்த அட்டைக்குத்தான உனக்கு இம்புட்டு அவசரம்?

சந்தா எம்புட்டு? பெரிய ஆஸ்பத்திரி நடத்துதவனுக்கும் உனக்கும் ஓட்டு ஒண்ணுபோலயா? நிர்வாகக் குழு எத்தன வருசத்துக்கு ஒருக்கா மாறும்? துணைவிதியப் படிச்சியா? “எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு தாத்தா”ங்க. கையெழுத்த மட்டும் தமிழ்ல போட்டியாக்கும்.

எங்க, அந்தப் பாரத்த இங்கன குடு. கண்ணாடிய எடு. நிறுவனத்துப் பேரு... சரி. ஆரம்பிச்ச வருசம்... சரி. மொத்தப் பணியாளர்... என்னடே இது, நாப்பத்திரெண்டா?

பெரிய எடம்னு மதிக்கணும்லா, அதுக்காகவா? பேசாத. மிச்ச இருபத்து மூணு பேரும் இவ்வளவு நாளா எங்கன நிக்காங்க? கூப்பிடு அவங்கள, பதிவேட்டையும் எடுத்துட்டு வா.