பக்கத்து வீட்டுக்காரன் போடுற மார்க்கு

எலே பேராண்டி, திடப்படுத்தல் ஆராதனையில பேராயர் கை உன் தலையில பட்டதுல இருந்து நீ நடக்குற நடையே மாறிட்டு. வெள்ளைச் சட்டை, கக்கத்துல வேதப்புத்தகம், எதுக்கெடுத்தாலும் ஒரு ஸ்தோத்திரம். நல்லாத்தான் இருக்கு. "பாட்டையா, பக்தியில வளர என்ன செய்யணும்?"னு எங்கிட்ட வந்து வேற கேக்குத. கேக்கக் கூடாத ஆள்கிட்ட கேட்டுட்ட. நம்ம சபை ஐயருகிட்ட கேட்டிருந்தா ஒரு ஜெபத்தோட முடிச்சு அனுப்பியிருப்பாரு. எனக்குப் பதனி சீசனும் முடிஞ்சு போச்சு, வேற சோலியும் கிடையாது. உக்காரு, சொல்லுதேன்.

பக்தியும் வளரணும், கைக்காசும் செலவாகப்படாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு சாண் இடமும் விட்டுக் குடுக்கப்படாது. இதுக்குன்னு ஒரு வித்தை இருக்கு. நம்ம தேரிக்காட்டுல அதைக் கரைச்சுக் குடிச்சவங்க ஏகப்பட்ட பேரு. அவிய காலடியில இருந்து நான் பாத்து வச்சதை உனக்குக் கத்துத் தாரேன்.

முதல்ல குடும்ப ஜெபம். ராத்திரி எட்டு மணிக்கு வை. சன்னலை நல்லாத் திறந்து வச்சுக்கோ. ஆண்டவருக்கு நம்ம தெரு விவரம் போதாதுல்ல, அதனால நீதான் எடுத்துச் சொல்லணும். "ஆண்டவரே, எங்க வீட்டு ஓடையில மண்ணைத் தள்ளுன கையை நீர் அறிவீர். அந்தக் கைக்குச் சொந்தக்காரனையும் நீர் அறிவீர். அவன் மாட்டுத்தொழுவத்தை எங்க இடத்துல முக்கால் அடி நீட்டிக் கட்டுனதையும் நீர் அறிவீர்." எல்லாம் அறிஞ்சவருகிட்ட எதுக்கு இவ்வளவு சத்தம்னு கேக்காத. சத்தம் அவருக்கு இல்லலே, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்கு. உள்ளறைக்குப் போயி கதவைச் சாத்திட்டு ஜெபம் பண்ணச் சொல்லி இயேசு சொன்னாருன்னு மத்தேயு ஆறாம் அதிகாரத்துல இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்டுக் கதவு மழையில ஊதிப்போயி சாத்தவே முடியல, என்ன செய்ய?

வீட்டுல பண்ணுற ஜெபம் ஒரு மதிலைத்தான் தாண்டும். ஊரே கேக்கணும்னா கோயில் கோபுரத்துல குழாய் ஸ்பீக்கர் இருக்கு. விடியக்காலம் நாலரைக்கே பாட்டைப் போட்டுரு. ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடப்படாதுன்னு 2000-ல மத்திய அரசு விதி எழுதி வச்சிருக்கு. அது டெல்லிக்காரனுக்கு, நமக்கு இல்ல. பரீட்சைக்குப் படிச்சுட்டு ரெண்டு மணிக்குப் படுத்த பிள்ளையும், ராத்திரி பூரா இருமிட்டு அப்பதான் கண்ணசந்த கிழவியும் பதறி எழும்பட்டும். எழும்பி யாரைத் துதிக்காவ, யாரை ஏசுதாவங்கறது அவிய பாடு. யாராவது வந்து கேட்டா, "அம்மன் கோயில் கொடைக்கு அவன் போடலையா?"ன்னு திருப்பிக் கேளு. அவன் கொடைக்கு மூணு நாள் போடுதான். நாம வருஷம் பூராப் போட்டு அதைச் சமன் செய்யுதோம், அவ்வளவுதான்.

அடுத்தது வேதவாசிப்பு. 66 புத்தகம், 1189 அதிகாரம். ஒரு நாளைக்கு மூணு அதிகாரமும் கொஞ்சமும் வாசிச்சா வருஷத்துல முடிச்சு, முடிச்சேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கிடலாம். ஆனா சில இடத்துல வண்டியை நிறுத்திராத, ஆபத்து. மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல ஒரு இடம் வரும். காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, நம்ம மேல ஒருத்தன் மனத்தாங்கலா இருக்கானேன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையைப் பலிபீடத்து முன்னால அப்படியே வச்சுட்டு முதல்ல போயி அவனோட சமாதானமாகணுமாம். இதைச் சபையாரு பூராப் பேரும் செய்யத் துணிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை காணிக்கைக் கவரு மட்டும் குவிஞ்சு கெடக்கும், பெஞ்சு பூராக் காலியாயிரும். அவனவன் பக்கத்து வீட்டு வாசல்ல தலையைச் சொறிஞ்சுட்டு நிப்பான். ஐயரு யாருக்குப் பிரசங்கம் பண்ணுவாரு? அதனால அந்தப் பக்கத்தை எச்சில் தொட்டு ரெண்டு தாளாச் சேத்துத் திருப்பிரு.

பழைய ஜெபப்புத்தகமும் வம்பு புடிச்சதுதான். 1662-ல இங்கிலாந்துல அச்சாகி, மிஷனரிமாரோட கப்பலேறி நம்ம ஊருக்கு வந்த புத்தகம். திடப்படுத்தலுக்குன்னு அதுல ஒரு வினாவிடை உண்டு. தேவனுக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன, பிறனுக்குச் செய்ய வேண்டிய கடமை என்னன்னு ரெண்டு கேள்வி அடுத்தடுத்து வரும். தேவனைப் பத்தின பதில் சின்னது. பிறனைப் பத்தின பதில் ஏறக்குறைய அதுல ரெண்டு மடங்கு. சொல்லாலயும் செயலாலயும் ஒருத்தனையும் நோகடிக்கப்படாது, வியாபாரத்துல நேர்மை வேணும், கை களவுக்குப் போகப்படாது, நாக்கு புறணிக்குப் போகப்படாதுன்னு நீண்டுக்கிட்டே போகும். தேவனுக்குச் செய்யுற கடமை ஈசியா முடிஞ்சுருதேன்னு சந்தோசப்பட்டா, பின்னாலயே அந்தப் புத்தகம் பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துட்டு வந்து நிறுத்திரும்.

லெந்து நாளுக்கு வருவோம். சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயித்துக்கிழமையைக் கழிச்சு எண்ணுனா 40 நாள். கறியை விடு, மீனை விடு, சினிமாவை விடு. புறணியை மட்டும் விட்டுராத. உபவாசக் கூடுகை முடிஞ்சு டீக்கடை பெஞ்சுல நாலு பேரு உக்காந்து ஊரான் வீட்டுக் கதையைப் பேசுனா, வெறும் வயித்துக்கு அது தனி ருசி. பசிச்சவனுக்கு உன் சோத்துல பங்கு குடு, ஒதுங்க இடமில்லாதவனை வீட்டுல சேத்துக்கோ, எனக்குப் பிடிச்ச உபவாசம் இதுதான்னு ஏசாயா 58-ல கர்த்தர் சொல்லுதாரு. அது பழைய ஏற்பாடுதானே, பழசாப் போச்சுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிடலாம்.

கைப்பிடி அரிசி விஷயம் உனக்குத் தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில போட்டு, சேந்ததும் கோயிலுக்குக் குடுக்கிற வழக்கம். உன் ஆச்சி காலத்துல வீட்டுக்கே அரை வயித்துக் கஞ்சிதான், ஆனா அந்தப் பானை மட்டும் நிறைஞ்சிரும். நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். கைப்பிடி அரிசிக்கு ரேஷன் அரிசியை எடு, பொங்குறதுக்குப் பொன்னி அரிசியை எடு. அள்ளிப் போடுறதுக்கு வீட்டுல இருக்கிற சின்னப்பிள்ளையைக் கூப்பிடு, கை சிறுசு.

அறுப்பின் பண்டிகை ஏலத்துலதான் உன் பெருமையைக் காட்டணும். ஒரு எலுமிச்சங்காயை ஐயாயிரத்துக்கு ஏலம் எடு. மைக்குல உன் பேரை மூணு தடவை வாசிப்பாங்க. மறுநாள் கீரைக்காரி வந்தா, கட்டுக்கு ரெண்டு ரூவா குறைச்சுத் தந்தாத்தான் ஆச்சுன்னு அரைமணி நேரம் பேரம் பேசு. அவகிட்ட மைக்கு கிடையாதுல்லா? கருப்பட்டி யாவாரத்துலயும் அப்படித்தான். பாகுல சீனியைக் கலந்து வித்துக்கோ, தசமபாகத்தை மட்டும் கலப்படம் இல்லாமச் செலுத்திரு.

அப்புறம் மதில். அதுக்கு முன்னால நம்ம பக்கத்துக் கோயிலையெல்லாம் பாரு, சாமானியமா? மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி, எங்கன இருந்து பாத்தாலும் தெரியும். இடையன்குடியில கால்டுவெல் ஐயரு 1847-ல ஆரம்பிச்ச கோயிலு 1880-லதான் முடிஞ்சுது, 33 வருஷம். அடேயப்பான்னு வாயைப் பொளக்காத. நம்ம ஊர்லயே முக்கால் அடி இடத்துக்கு முன்சீப் கோர்ட்டுல அதுக்கு மேல வழக்கு நடத்துன விசுவாச வீரருங்க இருக்காவ. தாத்தா போட்ட கேசைப் பேரன் வாங்கி நடத்துதான். வக்கீலுக்குக் குடுத்த காசுக்கு அந்தத் தெருவையே விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆனா விட்டுக் குடுக்கல பாத்தியா, அந்த விசுவாசம் யாருக்கு வரும்!

நற்கருணைக்கும் அந்தப் பழைய ஜெபப்புத்தகத்துல ஒரு சட்டம் உண்டு. நற்கருணை எடுக்க நினைக்கிறவன் முந்தின நாளே ஐயருகிட்டப் பேரு குடுக்கணும். ரெண்டு பேருக்குள்ள பகை இருக்குன்னு ஐயருக்குத் தெரிஞ்சா, சமாதானமாகுற வரைக்கும் அவங்களைப் பந்திக்குச் சேக்கப்படாது. ஒருத்தன் மனசார மன்னிக்கத் தயாராகி, இன்னொருத்தன் முரண்டு புடிச்சா, தயாரானவனுக்கு உண்டு, முரண்டு புடிக்கிறவனுக்கு இல்ல. இதை இன்னைக்கு நடைமுறைக்குக் கொண்டு வந்தா ஒரு லாபம் இருக்கு, சபைக்கு திராட்சரசச் செலவு பாதியாக் குறையும்.

சிரிக்கியோ? சிரி. இனிமே சொல்லுறதைச் சிரிக்காமக் கேளு.

லூக்கா பத்தாம் அதிகாரத்துல, பிறன் யாருன்னு ஒரு நியாயசாஸ்திரி இயேசுவைக் கேக்குதான். கணக்கா ஒரு எல்லைக்கல்லை நட்டுக் குடுத்தா, அதுக்கு உள்ளே இருக்கவனை மட்டும் நேசிச்சுட்டுப் போயிரலாம்னு பாக்குதான். அதுக்குத்தான் எருசலேம்ல இருந்து எரிகோ போற பாதையில அடிபட்டுக் கிடந்தவன் கதையை அவரு சொன்னாரு. ஆசாரியனும் லேவியனும் கண்டும் காணாமப் போயிட்டாங்க. கோயில் சோலி இருந்திருக்கும், பாவம். நின்னவன் சமாரியன். கெரிசீம் மலையில கும்பிடுற கூட்டம், யூதனுக்கு ஆகாதவன். எண்ணெயும் திராட்சரசமும் ஊத்திக் காயத்தைக் கட்டி, தன் மிருகத்துல ஏத்தி, சத்திரத்துல சேத்து ரெண்டு வெள்ளிக்காசு குடுத்தான். ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. அதுக்கு மேல ஆகுற செலவையும் திரும்பி வரும்போது தாரேன்னு பொறுப்பேத்துக்கிட்டான். அவன் அங்கன நின்னு ஜெபம் பண்ணுனதா லூக்கா எழுதல.

எரிகோ எங்கயோ இருக்குன்னு தள்ளி வச்சிராத, அதே கதை நம்ம ஸ்ரீவைகுண்டத்துலயே நடந்திருக்கு. 2023 டிசம்பர் 17-ந் தேதி பேய்மழை. காயல்பட்டினத்துல மட்டும் ஒரு நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துது. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோட நின்னு போச்சு, முன்னால தண்டவாளத்துக்கு அடியில மண்ணையே வெள்ளம் அரிச்சுட்டுப் போயிட்டு. வண்டியில சுமார் 800 பேரு. சுத்தித் தண்ணி, கரண்டு இல்ல, போனும் எடுக்கல. பக்கத்துல இருக்கிற புதுக்குடி ஊர்க்காரங்க தங்க வீட்டு அரிசியைக் கொண்டு வந்து, அம்மன் கோயில்ல அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டாங்க. அவங்க வீட்டைச் சுத்தியும்தான் தண்ணி. நாளைக்குக் கடை திறக்குமோ திறக்காதோ, வீட்டுல இருக்கிற அரிசி எத்தனை நாள் வருமோன்னு அவங்களும் யோசிச்சிருப்பாங்கல்லா? வண்டியில இருந்தவங்கள்ல எத்தனை பேரு முருகனைக் கும்பிட்டு வந்தவன், எத்தனை பேரு இயேசுவைக் கும்பிடுறவன், எத்தனை பேரு நோன்பு வைக்கிறவன்னு கணக்கெடுத்துட்டா இலை போட்டாங்க? லூக்கா பத்தை இந்தக் கண்ணால பாத்தாச்சு. சமாரியன் வேஷம் இந்தத் தடவை நமக்குக் கிடைக்கலேங்கறதுதான் எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருக்கு.

அதுக்காக ஜெபம் வேண்டாம், வேதம் வேண்டாம், உபவாசம் வேண்டாம்னு நான் சொல்லுறதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத. நான் பனையேறின ஆளு. காலுல மாட்டுற தளைநார் இல்லாமப் பனையேற முடியாது, தெரியும். ஆனா அதைக் காலுல மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்து காட்டுறவனைப் பனையேறின்னு எவனும் சொல்ல மாட்டான். ஜெபம் ஏறுறதுக்கு. ஏறினியா இல்லையான்னு கீழ நிக்கிறவனுக்குத்தான் தெரியும். உன் விஷயத்துல கீழ நிக்கிறவன் அடுத்த வீட்டுக்காரன். அவன் சுடலைமாடனைக் கும்பிடுதவனா இருந்தா என்ன? நீ எத்தனை அதிகாரம் படிச்சன்னு அவனுக்குத் தெரியாது. உன் ஓடைத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியும். உன் சாட்சியை அவன் கோயில்ல கேட்டதில்ல. உன் பொண்டாட்டி பிள்ளையை நீ என்ன வார்த்தை சொல்லி ஏசுதன்னு தினமும் கேக்குதான். பேராயர் கை ஒரு நாள்தான் உன் தலையில இருந்துது. அவன் கண்ணு வருஷம் பூரா உன் முற்றத்துல இருக்கு. மார்க்கு போடுறதுக்கு அவனை விடத் தகுதியான ஆளு யாருலே?

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை நற்கருணை. நடுவுல ஒரு நாள் முழுசாக் கிடக்கு. அவன் வீட்டு ஓட்டுல சாஞ்சு கெடக்கிற நம்ம முருங்கைக் கொப்பை வெட்டு, காயை அவன் வீட்டுலயே குடுத்துரு. ஓடையை அவன் பக்கத்துக்கும் சேத்துத் தூர் வாரு. அசனப் பண்டிகைக்கு ஊரெல்லாம் சாப்பாடு போடுதோமே, அன்னைக்கு முதல் வாளிச் சோறும் குழம்பும் அவன் வீட்டுக்குப் போகணும், போயி நீயே கூப்பிடணும். முக்கால் அடி இடத்தை வச்சு ராஜ்யம் கட்டப் போறதில்ல, விட்டுரு. முதல்ல அவன் வரட்டும்னு மட்டும் காத்திருக்காத, அப்படிக் காத்திருந்தவன் பூராப் பேரும் இப்ப கல்லறைத் தோட்டத்துல பக்கம் பக்கமாப் படுத்திருக்கான். கதவைத் தட்டுறதுக்கு முன்னால நீளமா ஜெபம் பண்ணிட்டு நிக்காத, மனசு மாறிரும். தட்டு. வெறுங்கையோட போகாத, உள்ளே இருக்கிற ஓலைப்பெட்டியில ரெண்டு கருப்பட்டி எடுத்துக்கோ. வலது பக்கம் இருக்கிற பெட்டியில எடு, அதுலதான் சீனி இல்ல.