உறைவிடம்

கரமனைக்காரனுக்குக் குளிர் என்றால், மார்கழி விடியலில் சத்தியவாகீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது காதைச் சுற்றும் துண்டுதான். அன்றைக்குத் தெர்மாமீட்டர் 22 காட்டும். அப்பேர்ப்பட்ட தெருவிலிருந்து நாலு பேர் 2019 பிப்ரவரியில் பனிச்சறுக்குக்குக் கிளம்பினோம். காரணம் அத்திம்பேரின் பிள்ளை. ஜூரிச்சில் வேலை. சனிக்கிழமை ஆனால் ஆல்ப்ஸில் சறுக்கிவிட்டு வாட்ஸப்பில் படம் போடுவான். படம் பார்த்துப் பார்த்து ஏங்கிய அத்திம்பேர், விசாவுக்கு அலைய வேண்டாம், உத்தராகண்டில் ஔலி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

எங்கே தங்குவது என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது. மலையடியில் ஜோஷிமட், சுமார் 1,900 மீட்டர். அதற்கு மேலே சறுக்குமேடு, 2,500-இல் தொடங்கி 3,000 தாண்டும். நடுவில் நாலு கிலோமீட்டர் ரோப்வே, பத்து டவர். எட்டாம் டவரில் இறங்கலாம், இல்லாவிட்டால் பத்தாம் டவரில்.

பிள்ளை போனில் உபதேசம் பண்ணினான். "மேலேயே தங்குங்கோப்பா. அந்த பூட்ஸைப் போட்டுண்டு நூறடி நடந்தா கால் போயிடும். வாசல்ல கட்டையை மாட்டிண்டு சறுக்கி இறங்கணும், சாயங்காலம் வாசலுக்கே சறுக்கி வரணும். இங்கே அதுக்குத்தான் காசு."

"வாசல்லேர்ந்து சறுக்கறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்குடா?" என்றாள் அக்கா. "கர்க்கடகத்துல நம்ம படித்துறையில இறங்கினா மதியே."

அக்கா ஜோஷிமட் கட்சி. அங்கே நரசிம்மர் கோயில். பத்ரிநாத்தின் தலைமைப் பூசாரி ராவல் கேரளத்து நம்பூதிரி என்பதால், அந்த மலை முழுவதும் நம்ம ஊர்தான் என்பது அவள் கணக்கு. "பனி வந்தா பத்ரியிலேர்ந்து சங்கரர் பீடத்தையே ஜோஷிமட்டுக்குத்தான் இறக்கிண்டு வரா. பீடமே கீழே வரச்சே நாம மேலே போறதா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜூரிச்சிலும் இல்லை.

அத்திம்பேர் ஏஜீஸ் ஆபீஸில் 34 வருஷம் தணிக்கை பண்ணியவர். பேப்பரில் கோடு போட்டார்: வெந்நீர், வெஸ்டர்ன் கக்கூஸ், வெங்காயம் போடாத சாப்பாடு, வாடகை. ஒவ்வொரு லாட்ஜுக்கும் போன் போட்டு "கரம் பானி?" என்று கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில், "மிலேகா." ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிலேகான்னா 'கிடைக்கும்'. எதிர்காலமாக்கும். 'இருக்கு'ன்னு ஒருத்தன் சொல்லலை, கேட்டியா?"

கடைசியில் சமரசம்: மேலே இரண்டு ராத்திரி, கீழே இரண்டு ராத்திரி.

சறுக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மணி நேரம் வாடகை கொடுத்தேன், அதில் ஐம்பது நிமிஷம் படுத்திருந்தேன். சொல்ல வேண்டியது தயிரைப் பற்றி.

ஊறுகாய் பாட்டிலில் உறைமோர் கொண்டுவந்திருந்தாள் அக்கா. முதல் ராத்திரி பாலைக் காய்ச்சி, விரலை விட்டுப் பதம் பார்த்து, உறை குத்தி வைத்தாள். காலையில் பால் பாலாகவே இருந்தது. பாத்ரூம் வாளியில்தான் மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஏடு. அதைச் சொம்பால் தட்டி உடைத்துக்கொண்டே, "உறைய வேண்டியது உறையலை, உறையக் கூடாதது உறைஞ்சிருக்கு" என்றாள். தங்குவதற்கும் தமிழில் உறைவது என்றுதானே பெயர். அன்றைக்கு நாங்கள் எந்த அர்த்தத்தில் உறைந்தோம் என்று இன்னும் நிச்சயமில்லை.

மிலேகா ஒன்பது மணிக்கு வந்தது. வாளி ஐம்பது ரூபாய்.

இரண்டாம் ராத்திரி பாத்திரத்துக்கு அத்திம்பேரின் மங்கிக் குல்லாயை மாட்டி, ரஜாய்க்குள்ளே இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தையைப் போல் படுக்கவைத்தாள். அத்திம்பேர் புரளக் கூடாது என்று உத்தரவு. விடிந்தபோது ஜன்னல் நிறைய நந்தாதேவி, 7,816 மீட்டர், உச்சியில் மட்டும் வெயில் பட்டுச் செம்பு நிறம். என் மனைவி வாயைப் பிளந்து நின்றாள். அக்கா போய்த் திரையை இழுத்து மூடினாள். காற்று தயிருக்கு ஆகாது.

தயிர் கொழகொழவென்று இருந்தது. தயிர் என்று நினைத்துக்கொண்டால் தயிர்.

ஜோஷிமட்டில் குளிர் குறைவு, லாட்ஜ் அடுக்களைக்காரர் தந்தூர் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் வெட்டி எடுக்கலாம் போலக் கட்டித் தயிர். நரசிம்மருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. கரமனை திரும்பும் வரை அக்கா அதையே பேசினாள். அத்திம்பேரின் பேப்பரில் ஜோஷிமட்டுக்கு நாலு டிக்.

2023 ஜனவரியில் டிவியில் ஜோஷிமட். சுவரெல்லாம் வெடிப்பு, ஜனங்களை வெளியேற்றுகிறார்கள், ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்த இரண்டு ஓட்டல்களை இடித்தார்கள். "நாம தங்கினது தெரியறதா பாரு" என்று அக்கா டிவி கிட்டே போய் நின்றாள். தெரியவில்லை. ஊரே பழைய நிலச்சரிவு மண்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டடம் கட்டாதீர்கள் என்று 1976-இலேயே மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்ததாம்.

"அப்பவே ஆப்ஜெக்‌ஷன் போட்டிருக்கான்," என்றார் அத்திம்பேர். "நாப்பத்தேழு வருஷமா பெண்டிங்."

வீட்டை விட்டு வந்த ஒரு கிழவி மாற்று வீடு கேட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் அவளைத் தேற்றினார்.

"மிலேகா, மாஜி, மிலேகா."

அத்திம்பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.